எண்பத்தெட்டாம் புள்ளி

அத்தியாயம் 9

"இந்தாளு செத்தா பேஜாரும்மா," என்றான் பீம்ராவ். "பாடை கட்றவன்கிட்ட மூங்கில் ரெண்டு இஞ்சு கம்மின்னு சொல்லி, மாத்த வெச்சிட்டுத்தான் மறுபடியும் படுப்பான்."

அவன் மடியில் முப்பத்தொரு பக்கம் பிரிண்ட்-அவுட் கிடந்தது. இணையத்தில் 'அலைவாய் மன்றம்' என்று ஒன்று. கப்பல், கடல், துறைமுகம் பற்றித் தமிழில் பேச ஆரம்பித்து, மூன்றாவது வரியிலேயே சண்டைக்குப் போகிறவர்கள் கூடும் இடம். அங்கே, பதிப்புரிமைச் சட்டத்தில் எதெல்லாம் மீறல் ஆகாது என்று சொல்லும் பிரிவின் எண்ணையே எடுத்து, 'பிரிவு52' என்ற பெயருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு ஓர் ஆசாமி மூன்று வாரமாக எல்லோரையும் திருத்திக்கொண்டிருந்தான். ஒருவர் காப்புரிமை என்று எழுதினால், அது கண்டுபிடிப்புகளுக்கு, இதற்குப் பதிப்புரிமை என்று சொல்லவேண்டும் என்பான். இன்னொருவர் திருட்டு என்று எழுதினால், தண்டனைச் சட்டம் 378-ஐப் படித்துவிட்டு வரச் சொல்வான். அசையும் பொருளை எடுத்துப் போனால்தான் திருட்டாம். நகல் எடுத்தால் அசல் அங்கேயே இருக்கிறதாம். ஆகவே யாரும் எதையும் திருடவில்லையாம்.

இந்த மாதிரி ஆட்களை எனக்கும் தெரியும். உங்களுக்கும் தெரியும். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் உட்காருவார்கள்.

"படிச்சது போதும் ராவு," என்றாள் ரசூல் பீவி. "அந்தப் பொண்ணு மூஞ்சியப் பாரு."

ராயபுரத்தில் மீன்வலைக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது பீவியின் துப்பறியும் நிலையம். பீவிக்கு வயது ஐம்பத்து நான்கு. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருபத்தாறு வருடம் காதில் கருவி மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள். கம்ப்யூட்டர் பற்றி அவளுக்குத் தெரிந்தது குறைவு. மனிதர்கள் எந்த இடத்தில் வாயை மூடிக்கொள்ள முடியாமல் தவிப்பார்கள் என்பது மட்டும் நன்றாகத் தெரியும். கம்ப்யூட்டர் விஷயத்துக்குத்தான் புளியந்தோப்பு பீம்ராவ். அவன் வாய் கரண்ட் போனாலும் ஓடும்.

எதிர் பெஞ்சில் மலரும் அவள் அண்ணன் பாஸ்கரும் உட்கார்ந்திருந்தார்கள். எண்ணூர் முகத்துவாரக்குப்பத்துப் பிள்ளைகள். மலர் பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் படித்தவள். சுனாமி முடிந்த கையோடு ஏதோ ஒரு தொண்டு நிறுவனம் படகுகளுக்கு ஜி.பி.எஸ். கருவி கொடுத்துவிட்டுப் போக, அதை வைத்து இரண்டு வருடம் உட்கார்ந்து ஒரு காரியம் செய்தாள். கடலடியில் பாறை கிடக்கும் இடத்தைப் பார் என்பார்கள். மீன் கூடுவது அங்கேதான். பன்னிரண்டு படகுக்காரர்கள் தங்கள் தங்கள் பார்களை அவளிடம் சொல்ல, இருநூற்றுப் பன்னிரண்டு இடங்களை எண்களாக்கி, தமிழில் ஒரு மென்பொருள் எழுதி, பன்னிரண்டு சி.டி. போட்டுக் கொடுத்தாள். கருவியில் ஏற்றினால் இருட்டிலும் மூடுபனியிலும் படகு நேராகப் பார் மேல் போய் நிற்கும். ஒரே நிபந்தனை, பட்டியல் குப்பத்தைத் தாண்டக்கூடாது.

போன ஞாயிற்றுக்கிழமை அது தாண்டியது. மன்றத்தில் 'கப்பல்காரன்' என்ற ஒருவர், "மீன்பார்ப் பட்டியலா? அப்படி ஒன்று கிடையவே கிடையாது, இருந்தால் காட்டும்" என்று எழுதினார். ஏழு நிமிடம் கழித்து பிரிவு52 பதில் போட்டான். "ஆதாரம் இணைக்கப்பட்டுள்ளது." இருநூற்றுப் பன்னிரண்டு பார்களும் அதில் இருந்தன. மன்றத்துக்காரர்கள் நீக்குவதற்குள் முந்நூறு பேர் இறக்கிக்கொண்டார்கள். இப்போது எந்தெந்த ஊர் விசைப்படகோ, லாஞ்ச் என்பார்கள், வந்து இழுவை வலை போட்டுப் பாரை வழிக்கிறது.

"ஹைகோர்ட் வக்கீல் ஒருத்தரக் கேட்டேன்," என்றாள் பீவி. "பட்டியல், தொகுப்பு, கம்ப்யூட்டர்ல போட்ட தகவல் எல்லாம் சட்டப்படி இலக்கியம்தானாம். ரெண்டாம் பிரிவுலயே எழுதிக் கீதாம். உரிமை உன்னுதுதான் மலரு."

"வஞ்சிரம் எங்க கீதுன்னு எழுதுனா இலக்கியமாம்மா?" என்றான் பீம்ராவ். "இது தெரியாம நான் பத்தாவது வரைக்கும் செய்யுள மனப்பாடம் பண்ணேன்."

"அதுல ஒரு விளக்கம் கீது மேடம்..." என்று ஆரம்பித்த பாஸ்கர், தங்கையின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான். துறைமுகத்தில் சுங்க ஏஜென்ட் ஆபீஸில் அவனுக்கு வேலை. பெட்டி பெட்டியாக வரும் சரக்குக்குப் படிவம் பூர்த்தி செய்வான். ஓர் இலக்கம் தப்பினால் கன்டெய்னர் கேட்டைத் தாண்டாது. அந்தக் கவனம் அவன் சட்டை மடிப்பிலேயே தெரிந்தது.

"கோர்ட்டுக்குப் போனா ஆறு வருசம் ஆவும் பீவிம்மா," என்றாள் மலர். "ஊர்க்கூட்டம் இன்னிக்கி நாலு மணிக்கு. நான்தான் வெளிய உட்டேன்னு சொல்றாங்க. யாருன்னு காட்டலேன்னா எங்க வூட்டக் கட்டுப்பாடு பண்ணிடுவாங்க. எங்க படகு தண்ணில எறங்க முடியாது. ஊர்ல ஒருத்தரும் எங்ககூட பேசக்கூடாது. என் நைனாக்கு அறுவத்தி ஒண்ணு ஆவுது. கடலுக்குப் போவாத மனுசன் அது எப்டி இருக்கும்?"

மணி பத்தேகால்.

"ராவு, வண்டிய எடு," என்றாள் பீவி.

*

கையில் இருந்தது ஒரே ஒரு நூல்முனை. பிரிவு52 எந்த இணைப்பிலிருந்து அந்த ஃபைலை ஏற்றினான் என்பதை மன்றத்துக்காரர்களிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கியிருந்தான் பீம்ராவ். திருவொற்றியூர் தேரடிப் பக்கம் குணசேகரன் என்பவரின் பிரவுசிங் சென்டர் அது.

வாசலில் '512 கே.பி. அதிவேக இன்டர்நெட்' என்று பலகை. பீவியின் பழைய பத்மினி கார் நின்றதும் முதலில் இறங்கிய பாஸ்கர் அதைப் பார்த்து முகம் சுளித்தான்.

"அது கிலோபிட் அண்ணே. நீங்க போட்டிருக்கறதப் பாத்தா கிலோபைட்னு அர்த்தம் ஆவுது. எட்டு மடங்கு வித்தியாசம்."

"வர கஸ்டமர் எவனும் கேக்கல மாமு," என்றார் கல்லாவில் இருந்த குணசேகரன். "நீ ஒருத்தன்தான் வர்றப்பல்லாம் சொல்ற."

பீம்ராவ் பிரிண்ட்-அவுட்டின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொண்டான். ஏற்கெனவே அங்கே நாலைந்து கோடு இருந்தது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

பதிவு நோட்டைக் காட்ட குணசேகரன் தயங்கவில்லை. போலீஸ் கேட்டாலும் கேட்கும் என்று பழைய நோட்டையெல்லாம் பத்திரமாக வைத்திருக்கும் மனிதர். பீவி விரலை ஓட்டி நிறுத்தினாள். ஞாயிறு, பத்து நாற்பது முதல் பதினொன்று ஐம்பது வரை, நாலாம் கேபின். உறுப்பினர் கார்டு மலர் பெயரில்.

மலர் நோட்டைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

"நான் வரல பீவிம்மா. அன்னிக்கித் தலவலின்னு வூட்ல படுத்துகினு இருந்தேன்."

"கூட யாரு இருந்தாங்க?"

"யாருமில்ல."

"யார் வந்தாங்கன்னு நீங்க பாக்கலியா அண்ணே?" என்று பீம்ராவ் குணசேகரனைக் கேட்டான்.

"ஞாயித்துக்கெழம மேட்ச்சுப்பா. கார்டு நம்பரச் சொல்வாங்க, நான் டிவியப் பாத்துகினே எழுதுவேன். நிமுந்து மூஞ்சியப் பாத்தா ஒரு விக்கெட்டு போயிடுது."

"என் கார்டு வூட்ல டிவி மேலயே கெடக்கும்," என்றாள் மலர். அது யாரையும் காப்பாற்றும் பதிலாக இல்லை என்று அவளுக்கே தெரிந்தது.

வெளியே வந்ததும் பாஸ்கர் பீவியை இரண்டடி தள்ளி அழைத்துப் போனான். குரலைத் தாழ்த்தினான்.

"மேடம், தப்பா நெனச்சிக்காதீங்க. ஒருவேள மலரே... தான் பண்ணத நாலு பேரு பாக்கணும்னு ஒரு ஆச இருந்திருக்கலாம் இல்லியா? கார்டு அவ பேருலதான் கீது. ஊர்ல நாமளே முன்கூட்டி ஒத்துக்கினா கட்டுப்பாட்டக் கொறைப்பாங்க."

தாழ்த்திய குரலும் தேரடியில் பஸ் நின்ற அந்த ஒரு கணத்தில் தெளிவாகக் கேட்டது. மலர் காரின் கதவைப் பிடித்தபடி நின்றிருந்தாள். அண்ணனைப் பார்த்தாள். உள்ளே ஏறி உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிவிட்டாள்.

*

எர்ணாவூர் தாண்டியதும் வண்டி நின்றுவிட்டது. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர்கள் கண்ணுக்கெட்டிய தூரம் வரை வரிசையில் நின்றன.

"லாரிய நிறுத்திட்டு டிரைவருங்க கல்யாணம் பண்ணி புள்ள பெத்துகினு வந்துருவாங்க போல," என்றான் பீம்ராவ்.

"லாரி இல்ல, ட்ரெய்லர்," என்றான் பாஸ்கர். "லாரின்னா இஞ்சினும் பாடியும் ஒண்ணா இருக்கும்."

பீம்ராவ் ஸ்டியரிங் மேல் காகிதத்தை வைத்து ஒரு கோடு போட்டான்.

பீவி பிரிண்ட்-அவுட்டை அவனிடமிருந்து வாங்கி இருபத்தேழாம் பக்கத்துக்குப் போனாள். திங்கட்கிழமை ஒரு லாஞ்ச்காரர் கோபமாக எழுதியிருந்தார். எண்பத்தெட்டாம் புள்ளிக்கு டீசல் செலவழித்துப் போனால் வெறும் சேறுதான் இருக்கிறதாம். பட்டியலே பொய்யாம். இரண்டே நிமிடத்தில் பிரிவு52 பதில் எழுதியிருந்தான். "பட்டியல் பொய்யல்ல. 88-இல் அட்சரேகையின் கடைசி இலக்கம் மட்டும் பிழை. சரிபார்த்துக்கொள்ளவும்." புதன்கிழமை அதே லாஞ்ச்காரர் நன்றி சொல்லியிருந்தார். கடைசி எண்ணை மாற்றி மாற்றிப் போய்ப் பார்த்தார்களாம். கிடைத்துவிட்டதாம். வலை தூக்க முடியாத அளவுக்கு வஞ்சிரமாம்.

"மலரு, உன் பட்டியல்ல எண்பத்தெட்டு இன்னா?"

மலருக்குத் தாள் தேவைப்படவில்லை. "அது எங்க படகோட பார். பதிமூணு டிகிரி, பதினேழு புள்ளி நாலு."

"கம்ப்யூட்டர்ல?"

"நாலுதான். எல்லா சி.டி.லயும் நாலு. நைனா குடுத்த சீட்டுலயும் நாலு."

"நாலு தப்புன்னு உனுக்குத் தெரியுமா?"

"இப்ப நீங்க படிக்கறப்பதான் தெரியும்."

"அப்போ," என்றாள் பீவி, "உன் பட்டியலக் காப்பி அடிச்சவனுக்கு, உன் பட்டியல்லயே இல்லாத விசயம் எப்டித் தெரியும்?"

பின்னால் ஒரு ட்ரெய்லர் ஹார்ன் அடித்தது.

"காப்பி அடிக்கறவன் தப்பையும் சேத்து அடிப்பான்," என்றான் பீம்ராவ். "நான் அடிச்சிருக்கேன். என் பேப்பர்ல பக்கத்து பையன் பேரு இருந்தது. இவன் என்னடான்னா வாத்தியார் பேப்பரையே திருத்தறான்."

"உடான்ஸா இருக்கும் மேடம்," என்றான் பாஸ்கர். "சும்மா அடிச்சி விட்ருப்பான்."

"இருக்கலாம்," என்றாள் பீவி. பிரிண்ட்-அவுட்டை மடித்து பீம்ராவிடம் திருப்பிக் கொடுத்தாள்.

*

முகத்துவாரத்தில் கழிமுகத்துத் தண்ணீர் கடலில் கலக்கும் இடத்துக்குக் கொஞ்சம் தெற்கே, மணலில் ஏற்றிய ஃபைபர் படகின் நிழலில் ஜெகதீசன் உட்கார்ந்திருந்தார். மலருக்கும் பாஸ்கருக்கும் அப்பா. அந்தப் பக்கம் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள். மனிதர் கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்ததை பீவி கவனித்தாள். மீன்பிடிக்கிறவர் யாரும் அப்படி உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை.

"எண்பத்தெட்டாம் பார் எங்க கீது அண்ணாச்சி?"

"சீட்டுல எழுதிக் குடுத்தேனே," என்றார் ஜெகதீசன், மணலைப் பார்த்துக்கொண்டு.

"கடல்ல எங்க கீதுன்னு கேட்டேன்."

அவர் மணலை அள்ளி விரலிடுக்கில் விட்டார். பீவி வற்புறுத்தவில்லை. படகின் விளிம்பில் சாய்ந்துகொண்டு பீம்ராவைக் கூப்பிட்டாள்.

"நாலு மணிக்கு ஊருக்குப் படிச்சிக் காட்டணும். எழுதிக்கோ. மலர் என்பவர் தொகுத்த இருநூத்தி இருவது புள்ளிகள்..."

"இருநூத்திப் பன்னெண்டு மேடம்," என்றான் பாஸ்கர்.

"இருநூத்திப் பன்னெண்டு. போன சனிக்கெழம காலையில..."

"ஞாயித்துக்கெழம."

"ஞாயித்துக்கெழம பத்து மணிக்கி மன்றத்துல ஏத்தப்பட்டது..."

"பதினொண்ணு பத்து. பத்து மணின்னு எழுதிட்டா அப்புறம் அதையே புடிச்சிக்குவாங்க."

"செரி, பதினொண்ணு பத்து. அதுல எண்பத்தெட்டாம் புள்ளி பதினேழு புள்ளி நாலுன்னு தப்பா கீது. சரியான எண் பதினேழு புள்ளி ஆறு..."

"ஆறு இல்ல, ஒண்ணு."

பீம்ராவின் பென்சில் நின்றது.

பாஸ்கர் இன்னும் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆறை அடித்துவிட்டு ஒன்று என்று எழுதுகிறார்களா என்று பார்க்கிறான். எழுதவில்லை. அப்போதுதான் நிமிர்ந்தான். மூன்று பேர் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாலாவது ஆளான அவன் அப்பா மட்டும் பார்க்கவில்லை.

"ஒண்ணுன்னு உனுக்கு யாருண்ணா சொன்னா?" என்று மலர் கேட்டாள்.

"ஒரு... கணக்குப் போட்டேன்."

"பூஜ்யத்துலருந்து ஒம்போது வரிக்கும் பத்து எண்ணு கீது. லாஞ்ச்காரனுக்கே ரெண்டு நாள் ஆச்சி. நீ எந்தக் கணக்குல போட்ட?"

பீம்ராவ் பிரிண்ட்-அவுட்டைத் திருப்பிக் காட்டினான். ஓரமெல்லாம் பென்சில் கோடு. "காலைலருந்து பதினாலு தபா திருத்திக்கீற மாமு. வண்டி எடுக்கறப்பவே பீவிம்மா என் காதுல சொன்னாங்க, இவன் வாய ஒரு நாள் வாடகைக்கி எடுத்தாலே கேஸு முடிஞ்சிடும்னு. நான் நம்பல. தோஸ்து, நீ இன்னா பண்ணாலும் ஒரு தப்ப தப்பாவே உட முடியாது."

பாஸ்கர் மறுப்பான் என்று மலர் ஐந்து நொடி காத்திருந்தாள். அவன் மறுக்கவில்லை. விளக்கம் சொல்ல ஆரம்பித்தான். அதுதான் அவளுக்கு வலித்தது.

"நான் யார்கிட்டயும் துட்டு வாங்கல மலரு. மூணு வாரமா அந்தக் கப்பல்காரன் என்னைப் புளுகுமூட்டைன்னு சொல்லிகினு இருந்தான். எல்லாரும் சிரிச்சாங்க. பட்டியலே கிடையாதுன்னான். இருக்குன்னு காட்டணும் இல்லியா? ஒரு தடவ காட்டிட்டு உடனே எடுத்துடலாம்னு நெனச்சேன். அதுக்குள்ள..."

"ஜெயிச்சியா?"

"இன்னா?"

"அந்தச் சண்டையில ஜெயிச்சியான்னு கேட்டேன்."

"அவன் அப்புறம் எழுதவே இல்ல," என்றான் பாஸ்கர். சொல்லும்போது, அந்த நிலைமையிலும், ஒரு சின்னத் திருப்தி அவன் முகத்தில் வந்துபோனதை நான் மறைக்க விரும்பவில்லை. "இது திருட்டும் இல்ல மலரு. அசல் உங்கிட்டயேதான் கீது. ஒண்ணும் கொறையல."

"என் கார்ட எடுத்துகினு போன. என் பேருல உக்காந்த. காலையில பீவிம்மாகிட்ட நானே பண்ணியிருப்பேன்னு சொன்ன. இதுல எது அசல்ணா, எது நகலு?"

அந்தக் கேள்விக்கு எந்தப் பிரிவிலும் பதில் இல்லை.

மலர் அப்பாவிடம் திரும்பினாள். "சீட்டுல நாலுன்னு எழுதிக் குடுத்தது யாரு நைனா?"

ஜெகதீசன் தோள் துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார்.

"கருவில எண்ணப் பாக்க எனுக்குத் தெரியாது. எனுக்கு அந்தப் பார் கண்ணளவுதான். ரெண்டாவது பொகபோக்கியும் கோயில் கோபுரமும் ஒண்ணா சேர்ற எடம். பாஸ்கரத்தான் இட்டுகினு போயி குறிக்க வெச்சேன். உனுக்குக் குடுக்கறப்போ ஒரு எண்ண மாத்தி எழுதச் சொன்னது நான்தான்."

"இன்னாத்துக்கு?"

"ஒரு பார ஒளிச்சி வெக்கணும் மலரு. என் நைனாவும் அப்டித்தான். எத்தினி பேர்கிட்ட எத்தினி சொன்னாலும், நல்ல பார் ஒண்ண யார்கிட்டயும் சொல்லக்கூடாது. புள்ளைக்கி மட்டுந்தான் காட்டணும்."

"நான் புள்ள இல்லியா?"

"நீ வேற வூட்டுக்குப் போற பொண்ணும்மா."

இரண்டு வருடம். கண் எரிய எரிய அந்த இருநூற்றுப் பன்னிரண்டு எண்களையும் மூன்று முறை சரிபார்த்தவள் அவள். அப்பா கொடுத்த சீட்டை மட்டும் ஒரு முறைகூடச் சரிபார்க்கவில்லை. அப்பா ஆயிற்றே என்று விட்டுவிட்டாள்.

"நாலு நாளா லாஞ்சு அங்க நிக்கிது," என்றாள். "பாத்த இல்ல?"

"பாத்தேன்."

"அந்த எடம் தெரிஞ்சவங்க ரெண்டே பேரு. அப்போ அன்னிக்கே உனுக்குத் தெரியும், யாருன்னு."

"தெரியும்," என்றார் ஜெகதீசன். அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "ஒத்தப் புள்ளம்மா. ஊரு நடுவுல அவன் பேரச் சொல்லிடாத. அவன் மானம் போனா எனுக்குக் கடல் இருந்தும் இல்ல. நீ பொண்ணு. ஒரு வருசம் பேசுவாங்க, அப்புறம் மறந்துடுவாங்க."

மலர் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கும் எழுதச் சுலபமாக இருந்திருக்கும்.

பீவி மலரின் தோளில் கைபோட்டு அவளை அலையோரம் அழைத்துப் போனாள். இரண்டு நிமிடம் பேசினாள். மலர் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். பீவி தலையசைத்தாள்.

*

நாலு மணிக்கு அம்மன் கோயில் முன்னால் ஊர் கூடியது. படகு வைத்திருக்கும் பன்னிரண்டு பேரும் முன்வரிசையில். ஊர்த்தலைவர் கிருஷ்ணப்பனும் அந்தப் பன்னிரண்டில் ஒருவர்தான்.

"நம்பிக் குடுத்தோம்," என்று ஆரம்பித்தார் கிருஷ்ணப்பன். "இன்னிக்கி ஊருல இருக்கறவன், இல்லாதவன் எல்லாம் நம்ம பாருல வலை போடறான். யாரு பண்ணதுன்னு சொல்லும்மா. இல்ல நீதான்னு ஒத்துக்கோ."

"சொல்றேன் பெரீப்பா," என்றாள் மலர். "அதுக்கு முன்னால எனுக்கு ஒண்ணு தெரியணும். எல்லாப் பாரும் போச்சி, நஷ்டம்னு சொல்றீங்க. நீங்க எங்கிட்டச் சொன்ன பாரெல்லாம் உண்மையா இருந்தாத்தான அது நஷ்டம்?"

கையில் கொண்டுவந்திருந்த கற்பூரக் கட்டியைக் கோயில் படிக்கல்லில் வைத்துப் பற்றவைத்தாள்.

"நான் குடுத்த எண்ணு எல்லாம் நெசம், ஒண்ணகூட ஒளிக்கலன்னு, ஒவ்வொருத்தரா வந்து அம்மன் முன்னால கற்பூரத்த அடிச்சி சத்தியம் பண்ணுங்க. ஒருத்தரு பண்ணாப் போதும். பேரச் சொல்றேன். வூட்டக் கட்டுப்பாடு பண்ணுங்க, ஒத்துக்கறேன்."

கூட்டத்தில் முதலில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. பன்னிரண்டு ஆண்பிள்ளைகள் பன்னிரண்டு திசையில் பார்த்தார்கள். ஒருவர் வேட்டியை அவிழ்த்துக் கட்டினார். இன்னொருவருக்குத் திடீரென்று இருமல் வந்தது. கிருஷ்ணப்பன் தன் கால் விரல்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

"பன்னெண்டு வூட்லயும் ஒண்ணு ஒளிச்சிக்கீறாங்கம்மா," என்று பீம்ராவ் கிசுகிசுத்தான். "எப்டிக் கண்டுபுடிச்ச?"

"ஒரு அப்பன் ஒளிச்சா அது அவன் குணம்," என்றாள் பீவி. "எங்கப்பனும் அப்டித்தான்னு சொன்னார் பாரு, அப்போ அது ஊர்ப் பழக்கம். ஒவ்வொரு வூட்டு நல்ல பாரும் பத்திரமாத்தான் கீது ராவு. நல்ல பாருல நெசமாப் போனது ஒண்ணே ஒண்ணு. ஃபைலால போகல. இவன் திருத்துனதால போச்சி."

கற்பூரம் பாதி எரிந்துவிட்டது. யாரும் எழுந்திருக்கவில்லை.

மலர் சுற்றி ஒரு முறை பார்த்தாள். மாமா, சித்தப்பா, பெரியப்பா என்று அவள் முறை வைத்துக் கூப்பிட்டு வளர்ந்த முகங்கள். வீடு வீடாகப் போய், டீ குடித்து, நம்பிக்கையோடு எழுதிவாங்கிய முகங்கள். அத்தனையும் அவளிடம் பொய் சொன்னவை.

அவளே குனிந்தாள். வலது உள்ளங்கையைக் கற்பூரத்தின் மேல் வைத்து அழுத்தி அணைத்தாள்.

"நான் எழுதுன எதுவும் பொய்யில்ல," என்றாள். "அவ்ளோதான்."

கிருஷ்ணப்பன் தொண்டையைக் கனைத்தார். "சரி சரி. போங்கப்பா. வலையப் பாருங்க," என்றார். கூட்டம் கலைந்த வேகத்தைப் பார்த்தால் மழை வந்துவிட்டது என்று தோன்றியிருக்கும்.

பாஸ்கர் கோயிலுக்குப் பின்னாலிருந்து வந்தான். தங்கையின் கையைப் பிடித்துப் பார்க்க முயன்றான். அவள் இழுத்துக்கொண்டாள்.

"மலரு, இன்னிக்கே மன்றத்துல எல்லாம் சொல்லிடறேன். பட்டியல்ல பன்னெண்டு தப்பு கீதுன்னு எழுதி, யாரும் பயன்படுத்தாதீங்கன்னு..."

"எழுதாத."

"இல்ல, தப்பான தகவல் வெளிய..."

"முந்நூறு பேருகிட்ட அந்தப் பன்னெண்டு பொய்யி கீது. அதான் இப்ப ஊரக் காப்பாத்துது. எண்பத்தெட்டுக்கு நீ எழுதுன திருத்தத்த மட்டும் எடுத்துடு. மீதியத் தப்பாவே உடு." சிவந்துபோன உள்ளங்கையைத் தாவணியில் சுற்றிக்கொண்டு அவள் அண்ணனை நேராகப் பார்த்தாள். "உன்னால முடியாது. ஆனா உடு. தெனமும் அதத் தொறந்து பாரு. தப்பு அப்டியே கெடக்கும். நீ கைய வெக்கக்கூடாது."

பாஸ்கர் சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்து, பார்த்துவிட்டு, மறுபடியும் உள்ளே வைத்தான்.

மலர் பத்மினியின் பின்கதவைத் திறந்து ஏறினாள். படகு நிழலுக்குத் திரும்பிவிட்டிருந்த அவள் அப்பா எழுந்து நின்றார். அவள் கண்ணாடியை ஏற்றினாள்.

"பெரம்பூர்ல எங்க சித்தி வூட்ல இறக்கி உடுங்க பீவிம்மா," என்றாள். "நான் வேற வூட்டுக்குப் போற பொண்ணாம். இன்னிக்கே போயிடறேன்."